முக்கோணம் போதும், மேனரின் கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், போட்டித் தேர்வுப் பக்கத்தில் வந்த ஐரோப்பிய நிலமானிய முறை பற்றிய பகுதி குறித்து இக்கடிதம். உச்சியில் மன்னர், அவருக்குக் கீழே பிரபுக்கள், அடுத்து குதிரை வீரர்கள், அடியில் பண்ணையடிமைகள் என்று ஒரு முக்கோணப் படம். பக்கத்துக் கட்டத்தில் 'நம் ஊர் ஜமீன்தாரி முறையை ஒத்தது' என்று ஒரு வரி. அண்ணா நகர் பயிற்சி மையங்களில் கைமாறும் நோட்டுகளிலும் இதே முக்கோணம்தான். மனப்பாடம் செய்ய வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்துக் குடியானவர் காலையில் எழுந்து யாருடைய நிலத்துக்குப் போனார், அறுத்ததில் வீட்டுக்கு எவ்வளவு வந்தது, ஊரை விட்டுக் கிளம்ப ஏன் முடியவில்லை என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட பதில் சொல்ல முடியாது. பதில் இருப்பது மேனர் எனப்பட்ட, பிரபுவின் ஆளுகையிலிருந்த பண்ணை நிலத் தொகுதியில். அதிலும் அதன் வருடாந்திரக் கணக்கில். அடுத்த முறை அதைப் போடுங்கள் என்பதே கோரிக்கை.

முக்கோணத்தின் மேல்பாதியே ஆட்டம் காண்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1329-ல் அமியான் நகரில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு பிரான்ஸ் மன்னர் ஆறாம் பிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். தென்மேற்குப் பிரான்சில் தமக்கிருந்த நிலத்துக்காக. ஒரு முக்கோணத்தின் உச்சியில் இருந்தவர் இன்னொரு முக்கோணத்தின் நடுத்தட்டில் நின்றார். அந்த நிலத்தைப் பிலிப் பறிமுதல் செய்ததிலிருந்துதான் 1337-ல் நூறாண்டுப் போர் தொடங்கியது. பிரான்சில் ஷாம்பேன் பகுதியின் பிரபு ஒருவரே, பிரான்ஸ் மன்னர், பர்கண்டி கோமகன், ரீம்ஸ் பேராயர் என ஒரே சமயத்தில் பலருக்குக் கீழே நிலம் வைத்திருந்தார். இவர்களுக்குள்ளேயே சண்டை வந்தால் யார் பக்கம் படை திரட்டுவது? அதற்காக 'முதன்மை விசுவாசம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அதையும் இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்துக் குழப்பினார்கள். ஜெர்மனியில் குதிரையேறிப் போரிட்டவர்களில் பலர் சட்டப்படி சுதந்திரமற்றவர்கள். அவர்களைப் படத்தில் எந்தத் தட்டில் வைப்பது?

ஆண்டுக்கு 40 நாள் படைச்சேவை என்று போட்டிருப்பது பொதுவாகச் சரி. ஆனால் 12-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் பலர் அதைப் பணமாகக் கட்டித் தீர்த்துவிட்டார்கள். பிரபுக்களுக்குப் பெரிய தலைவலி வாரிசுக் கட்டணம்தான். அப்பா இறந்து மகன் நிலத்துக்கு வரும்போது மன்னர் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருந்தது. 1215-ன் மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம், இரண்டாம் பிரிவிலேயே இதற்கு உச்சவரம்பு வைக்கிறது: பெரும் பிரபுவுக்கு 100 பவுண்டு, ஒரு குதிரை வீரருக்குரிய நிலத்துக்கு 100 ஷில்லிங், அதாவது 5 பவுண்டு. இணைப்பில் 'மேக்னா கார்ட்டா பண்ணையடிமை முறையை ஒழித்தது' என்றிருக்கிறது. அந்த ஆவணத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. அதற்குப் பிறகும் 150 ஆண்டுகளுக்கு மேல் அந்த முறை அங்கே நன்றாகவே நடந்தது.

இனி மேனர். இங்கிலாந்திலிருந்தே உதாரணம் எடுப்பதற்குக் காரணம் ஆவணங்கள். வின்செஸ்டர் பிஷப்பின் பண்ணைக் கணக்குகள் 1208-09 முதல் தோல் சுருள்களில் கிடைக்கின்றன. இடையிடையே சில ஆண்டுகள் விடுபட்டிருந்தாலும், இவ்வளவு நீண்ட தொடர் வேறெங்கும் கிடைப்பது அரிது.

ஒரு கிராமம் என்றால் ஒரு மேனர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே கிராமத்தை மூன்று பிரபுக்களின் மேனர்கள் பங்கு போட்டுக்கொண்டதும் உண்டு. ஒரு மேனர் நான்கு கிராமங்களில் சிதறிக் கிடந்ததும் உண்டு. நிலத்தில் பிரபுவின் சொந்தப் பண்ணை ஒரு பகுதி, பண்ணையடிமைகளின் கையில் இருந்தது ஒரு பகுதி, சுதந்திரக் குடிகளுடையது ஒரு பகுதி, பாதிரியாருக்கென்று கொஞ்சம். 1279-ல் முதலாம் எட்வர்டு எடுத்த நிலக் கணக்கெடுப்பில் மிஞ்சியிருக்கும் பகுதிகளை ஆராய்ந்தவர்கள், உழுநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரபுவின் பண்ணை, ஐந்தில் இரண்டு பங்கு பண்ணையடிமைகளின் கையில், மிச்சம் சுதந்திரக் குடிகளுடையது என்று கண்டார்கள். அடியில் கிடந்தவர்களிடம் நிலமே இல்லை என்பது போன்ற தோற்றத்தை முக்கோணம் தருகிறது. நிலம் இருந்தது. அந்த நிலத்துக்குக் கொடுத்த விலைதான் அடிமைத்தனம்.

நிலம் எப்படிக் கிடந்தது என்பதை நம் பட்டாவில் இன்றும் இருக்கும் ஏக்கரை வைத்தே மாணவர்களுக்கு விளக்கிவிடலாம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, 18 கிரவுண்டுக்குச் சற்று மேல். இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது? 660 அடி நீளம், 66 அடி அகலம் கொண்ட ஒரு பட்டையிலிருந்து. நீளம் ஒரு ஃபர்லாங். அகலம் 22 கெஜம், அதாவது சேப்பாக்கத்தில் ஒரு ஸ்டம்பிலிருந்து எதிர் ஸ்டம்ப் வரை உள்ள தூரம். அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளம். காரணம் கலப்பை.

வட ஐரோப்பாவின் ஈரக் களிமண்ணில் நம் நாட்டுக் கலப்பை போன்ற லேசான கலப்பை வேலைக்கு ஆகாது. அங்கே பயன்பட்ட கனமான கலப்பைக்கு மூன்று உறுப்புகள் முக்கியம். முன்னால் மண்ணைச் செங்குத்தாகக் கீறும் இரும்புக் கத்தி. அதன் பின்னால் அடியில் கிடைமட்டமாக அறுக்கும் கொழு. பக்கவாட்டில், அறுபட்ட மண்ணை வலப்புறமாகக் கவிழ்க்கும் மரப்பலகை. இதை இழுக்க எட்டு எருது, நான்கு நுகத்தடி என்பது ஆவணங்களில் வரும் வழக்கமான கணக்கு. நான்கு ஜோடியை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினால் அந்த மாட்டு வரிசையைத் திருப்புவதுதான் பெரும்பாடு. ஆகவே எவ்வளவு குறைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு நல்லது. பட்டை நீண்டுகொண்டே போனது. கடைசி வரை நேராகப் போய்த் திருப்ப முடியாததால் முன்கூட்டியே இடப்பக்கம் வளைக்கத் தொடங்குவார்கள். அதனால் பட்டைகள் தலைகீழாகப் போட்ட 'எஸ்' எழுத்து மாதிரி லேசாக நெளிந்தன. மண் எப்போதும் ஒரே பக்கம் கவிழ்ந்ததால், மண் நடுவை நோக்கி விழும்படி சுற்றிச் சுற்றி உழும்போது பட்டையின் நடு மேடாகி, ஓரம் பள்ளமாகி, மழைநீர் வடிந்தது. இங்கிலாந்தின் புல்வெளிகளில் மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த மேடு பள்ளங்கள் இன்றும் தெரியும்.

முழுக்குடி என்று சொல்லத்தக்க பண்ணையடிமைக் குடும்பத்துக்குச் சுமார் 30 ஏக்கர். பலருக்கு 15 தான். இன்னும் பலருக்கு ஒரு குடிசை, ஐந்து ஏக்கருக்கும் குறைவு. அந்த 30 ஏக்கரும் ஒரே இடத்தில் கிடையாது. அரை ஏக்கர், கால் ஏக்கர் பட்டைகளாக ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். யாருக்கும் முழுக்க மேட்டு நிலம் இல்லை, யாருக்கும் முழுக்கப் பள்ளக்கால் இல்லை. எட்டு எருது சொந்தமாக வைத்திருந்த குடியானவர் அரிது. இவர் இரண்டு, அவர் இரண்டு என்று சேர்த்துத்தான் ஏர் பூட்டினார்கள். இந்த இடத்தில்தான் தகராறு. பக்கத்துப் பட்டைக்காரர் உழும்போது ஒரே ஒரு சால் தள்ளி உழுதால் போதும். நான்கைந்து வருடத்தில் உங்கள் பட்டை கண்ணுக்குத் தெரிந்தே மெலிந்துவிடும். மேனர் நீதிமன்றச் சுருள்களில் இந்த வழக்கு சலிக்கச் சலிக்க வருகிறது.

ஊர் நிலம் மூன்று பெரும் வயல்களாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை அல்லது ரை என்ற தானியம், இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மொச்சை, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு சுழற்சி மாறும். சில ஊர்களில் இரண்டே வயல். பாதி நிலம் எப்போதும் தரிசு. தரிசு என்றால் சும்மா கிடப்பதில்லை. களை முளைக்க முளைக்கக் கோடையில் இரண்டு மூன்று முறை உழுது புரட்டுவார்கள், ஊர் மாடும் ஆடும் அதில் மேய்ந்து எரு போடும். அறுப்பு முடிந்ததும் தாளடியிலும் எல்லார் கால்நடையும் இறங்கும். அந்தத் தேதிக்குள் அறுக்காதவர் கதி அதோகதி. ஆக, என் பட்டையில் நான் விரும்பியதை விதைப்பேன், விரும்பியபோது அறுப்பேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. குடியானவரைக் கட்டிப்போட்டதில் பிரபுவுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் பங்கு உண்டு. முக்கோணத்தில் இந்தப் பக்கவாட்டுக் கயிறு எங்கே?

எருப் பற்றாக்குறைதான் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை. மேய்ச்சல் நிலம் குறைந்தால் மாடு குறையும், மாடு குறைந்தால் எரு குறையும், எரு குறைந்தால் விளைச்சல் குறையும், அதை ஈடுகட்ட மேய்ச்சல் நிலத்தையே உழுதால் மறுபடி மாடு குறையும். கிழக்கு இங்கிலாந்தில் சில பிரபுக்கள் குடியானவர்களின் ஆடுகளைத் தங்கள் பண்ணை நிலத்தில்தான் கிடை போட வேண்டும் என்று உரிமை வைத்திருந்தார்கள். ஆடு உன்னுடையது, எரு என்னுடையது.

இப்போது வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு ஏக்கருக்குச் சுமார் இரண்டரை புஷல் கோதுமை விதை. சுமாரான வருடத்தில் விளைச்சல் விதையைப் போல் நான்கு மடங்கு, 10 புஷல். ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ, ஆக ஏக்கருக்கு 270 கிலோ. வயலிலேயே தேவாலயத்துக்குப் பத்தில் ஒரு கட்டு போய்விடும்: ஒரு புஷல். அடுத்த ஆண்டு விதைக்கு இரண்டரை. மிஞ்சுவது ஆறரை புஷல், சுமார் 175 கிலோ. விளைச்சல் நான்கு மடங்கிலிருந்து மூன்று மடங்காக இறங்கினால் என்ன ஆகும்? ஏழரை புஷலில் முக்கால் போய், விதை இரண்டரை போய், நாலேகால் மிஞ்சும். களத்தில் கால்பங்குதான் குறைந்தது. பானையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. விளைச்சல் பாதியானால் மிஞ்சுவது இரண்டே புஷல், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1315 முதல் 1317 வரை வடமேற்கு ஐரோப்பாவில் விடாத மழையால் வந்த பெரும்பஞ்சம் ஏன் அவ்வளவு பேரைக் கொன்றது என்பதற்கு இந்தக் கழித்தல் கணக்கே பாதி விளக்கம். விதைநெல்லைத் தின்றால் அடுத்த வருடம் என்ன ஆகும் என்று நம் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாவரைக்கும் கூலியை இன்னும் கழிக்கவில்லை. பண்ணையடிமை பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும்; ஆலைக்காரர் எடுத்த பங்கு பல இடங்களில் 16-ல் ஒன்று முதல் 24-ல் ஒன்று வரை. வீட்டில் திருகை வைத்து அரைத்தால் அபராதம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ரிச்சர்டு ஆஃப் வாலிங்ஃபோர்டு, 1330-களின் தொடக்கத்தில் நகரவாசிகளின் திருகைக் கற்களைப் பிடுங்கி மடத்தின் கூடத்தில் தரையாகப் பாவிவிட்டார். (இதே மனிதர்தான் கோள்களின் இயக்கம் காட்டும் அற்புதமான கடிகாரம் ஒன்றையும் வடிவமைத்தவர். மேதைமைக்கும் இரக்கத்துக்கும் சம்பந்தமில்லை போலும்.) ஏறத்தாழ 50 ஆண்டு கழித்து, 1381-ன் குடியானவர் கிளர்ச்சியில் மக்கள் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

உழைப்புக் கடமை பற்றி இணைப்பில் உள்ள 'வாரம் மூன்று நாள் இலவச உழைப்பு' என்ற வரிக்குத் திருத்தம் வேண்டும். கடமை ஆளுக்கு அல்ல, நிலத்துக்கு. 30 ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் குறிப்பிட்ட நாட்களில் ஒரு ஆளை அனுப்ப வேண்டும். மகனையோ கூலிக்காரனையோ அனுப்பலாம். அதனால்தான் மிச்ச நாட்களில் சொந்த நிலமும் விளைந்தது. மூன்று நாள் என்பதும் கடுமையான மேனர்களில்தான். பல ஊர்களில் அதைவிடக் குறைவு, சில ஊர்களில் வாரக்கடமையே இல்லை. 'ஒரு நாள்' என்பதற்கும் அளவு உண்டு: கதிரடிப்பதென்றால் இத்தனை புஷல், வேலி கட்டுவதென்றால் இத்தனை கோல், முடித்ததும் போகலாம், பல சமயம் நண்பகலோடு முடிந்துவிடும். ஆனால் ஆகஸ்ட் மாதம் கதை வேறு. அறுப்புக்கென்று கூடுதலாக அழைக்கும் நாட்களில், பல ஊர் வழக்கப்படி வீட்டுக்காரம்மா தவிர குடும்பமே வர வேண்டும். தன் கதிர் வயலில் உதிர்ந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில் பிரபுவின் கதிரை அறுக்க வேண்டும் என்பதுதான் இந்த முறையின் கொடுமை. மொத்த நாட்களின் எண்ணிக்கை இரண்டாம்பட்சம். பதிலுக்கு அன்று சோறு பிரபு போட வேண்டும். பீர் உண்டா இல்லையா என்பதுகூட எழுதி வைக்கப்பட்டிருக்கும். புல் அறுப்பவருக்குச் சில மேனர்களில் ஒரு சலுகை: நீள்பிடி அரிவாளால் எவ்வளவு புல்லைத் தூக்க முடியுமோ அவ்வளவு அவருக்கு. பேராசைப்பட்டு அதிகம் தூக்கிப் பிடி முறிந்தால் புல்லும் போச்சு, அபராதமும் உண்டு.

இவ்வளவையும் மேய்த்தவர் யார்? பிரபு பெரும்பாலும் ஊரிலேயே இருக்கமாட்டார். பத்து இருபது மேனர்கள் உள்ளவருக்கு ஸ்டூவர்ட் என்ற மேலதிகாரி சுற்றி வருவார். மேனரில் பெய்லிஃப் என்ற நிர்வாகி இருப்பார். அன்றாடப் பொறுப்பு ரீவ் என்பவருடையது. இந்த ரீவ் ஒரு பண்ணையடிமை. பெரும்பாலும் ஊராரே தேர்ந்தெடுப்பார்கள். முக்கோணத்தின் அடித்தட்டில் இருப்பவர்தான் பண்ணையின் வரவு செலவு முழுவதற்கும் பொறுப்பு. அவருக்குச் சம்பளம் என்பது பெரும்பாலும் அவருடைய உழைப்புக் கடமையிலும் வாடகையிலும் தள்ளுபடிதான். பதவி வேண்டாம் என்று பணம் கட்டி ஒதுங்கியவர்கள் உண்டு. ஏன் என்பது கணக்கைப் பார்த்தால் புரியும்.

கணக்கு ஆண்டு செப்டம்பர் 29-ல் தொடங்கி அடுத்த செப்டம்பர் 29-ல் முடியும். அறுப்பு முடிந்து களஞ்சியம் நிரம்பிய நேரம். ரீவுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். வருடம் முழுக்கக் குச்சிகளில் வெட்டுக்குறி போட்டு வைத்திருப்பார். குச்சியை நீளவாக்கில் பிளந்து கொடுத்தவரிடம் பாதி, வாங்கியவரிடம் பாதி. இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். (அரசாங்கக் கருவூலத்திலும் இதே குச்சிகள்தான். 1834-ல் பழைய குச்சிகளை எரிக்கப்போய் லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.) ஆண்டு முடிவில் எழுத்தர் வந்து, குச்சிகளைப் பார்த்து, ரீவைக் கேட்டு, லத்தீனில் எழுதுவார். சுருளின் முன்பக்கம் பணம்: பழைய நிலுவை, வாடகை, தானியம் விற்றது, நீதிமன்ற அபராதம் எல்லாம் வரவு, கலப்பை இரும்பு, லாடம், கூரை, வண்டிச் சக்கரம், கூலி எல்லாம் செலவு. பின்பக்கம் தானியமும் கால்நடையும். கோதுமைக்குத் தனி, பார்லிக்குத் தனி, ஓட்ஸுக்குத் தனி: களத்திலிருந்து வந்தது, விதைத்தது, விற்றது, நிரந்தரப் பண்ணையாட்களுக்கு அளந்தது. இந்த ஆட்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு புஷல் கலப்புத் தானியம் என்பது பரவலான அளவு. மாடு செத்தால் 'செத்தது ஒன்று' என்று எழுதிவிட்டுப் போக முடியாது. தோல் எங்கே என்று அடுத்த வரியில் கணக்கு வேண்டும்.

கடைசியில் உழைப்பு நாட்களுக்கும் தானியத்தைப் போலவே இருப்பு எடுப்பார்கள். மொத்தம் வர வேண்டிய நாள் இத்தனை; பண்டிகை, நோய், ரீவின் தள்ளுபடி என்று கழிந்தது இத்தனை; வேலை தேவைப்படாததால் குடியானவரிடமே காசுக்கு 'விற்றது' இத்தனை; நடந்தது இத்தனை. திருவிழா வேலைநாளில் விழுந்தால் நஷ்டம் யாருக்கு என்பதற்குக்கூட ஊருக்கு ஊர் விதி உண்டு. மனித உழைப்பை இவ்வளவு நுணுக்கமாகப் பேரேட்டில் ஏற்றிய சமூகத்தை வெறும் வாள்வீச்சும் கோட்டையுமாகக் காட்டுவது அநியாயம்.

பிறகு தணிக்கையாளர்கள் வருவார்கள். விதைத்தது இவ்வளவு, விளைந்தது இவ்வளவுதானா என்று கேட்பார்கள். பதில் திருப்தி தராவிட்டால் ரீவ் சொன்ன எண்ணை அடித்துவிட்டு மேலே தங்கள் எண்ணை எழுதுவார்கள். வித்தியாசம் 'கணக்கின்மீது விற்றது' என்ற தலைப்பில் ரீவின் கடனாக ஏறும். எருமாதிரி குவிந்த பழைய நிலுவைகளோடு செத்துப்போன ரீவ்கள் உண்டு. ரீவும் சளைத்தவரல்ல. களத்தில் தலைவழியக் குவித்து அளந்து வாங்குவது, கணக்கில் தலைதட்டிய அளவாக எழுதுவது என்பது நம் ஊர் மரக்கால்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான். எட்டுக்கு ஒன்பதாக வந்த அந்தக் கூடுதல் போன்றவற்றைப் பிடிக்கவும் சேர்த்துத்தான் பண்ணை நிர்வாகத்துக்கென்று 13-ஆம் நூற்றாண்டில் தனிக் கையேடுகள் எழுதினார்கள்.

மேனர் நீதிமன்றம் மூன்று வாரத்துக்கொருமுறை கூடும் என்பது ஏட்டு வழக்கு. பல ஊர்களில் அதைவிடக் குறைவாகவே கூடியது. பண்ணையடிமை தன் பிரபு மீது மன்னரின் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது, இங்குதான் எல்லாம். மகளுக்குக் கல்யாணம் செய்யக் கட்டணம், ஊருக்கு வெளியே தங்க ஆண்டுக் கட்டணம், பீர் காய்ச்சி விற்கும் பெண்களுக்கு வாடிக்கையான அபராதம் (கிட்டத்தட்ட லைசென்ஸ் கட்டணம்). குடும்பத்தலைவர் இறந்தால் வீட்டின் சிறந்த மாடு பிரபுவுக்கு, அடுத்த சிறந்தது பெரும்பாலும் தேவாலயத்துக்கு. ஒரே சாவில் இரண்டு மாடு போனால் அந்தக் குடும்பம் கூட்டு ஏரில் சேர்வதற்கே வழியில்லை. அதன் பிறகு நிலத்தை மகன் பெயருக்கு மாற்ற நுழைவுக் கட்டணம் வேறு. முதலிரவு உரிமை பிரபுவுக்கு இருந்தது என்று நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அடிக்கடி வருகிறது. அப்படியொரு சட்டமோ வழக்கமோ இருந்ததற்கு மேனர் ஆவணங்களில் சான்று இல்லை. இருந்தது மேலே சொன்ன கல்யாணக் கட்டணம். கொடுமையைக் காட்ட அதுவே போதும்.

முடிவுக்கு வருவது 1348-49 கொள்ளைநோய். மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இறந்தார்கள். சாவுக்குச் சாவு மாடு என்ற வரவு பிரபுவின் தொழுவத்தை நிரப்பியது, வாங்க ஆளில்லை. முன்பு 40 ஷில்லிங் பெறுமான குதிரை 6 ஷில்லிங் 8 பென்சுக்குக் கிடைத்தது என்று லெஸ்டர் மடத்துத் துறவி ஹென்றி நைட்டன் எழுதி வைத்திருக்கிறார். கூலி ஏறியது. 1346-ல் இருந்த கூலிக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1351-ல் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். 1377-ல் தலைக்கு 4 பென்சாக இருந்த தலைவரி 1380-ல் 12 பென்சானது. 1381 ஜூனில் கிளர்ச்சி. கிளர்ச்சிக்காரர்கள் ஊர் ஊராகத் தேடி எரித்தது எதை? மேனர் நீதிமன்றச் சுருள்களை. தங்களைக் கட்டியிருந்த கயிறு எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, ஆனால் ஆள் கிடைக்காத பிரபுக்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் சொந்தப் பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். பண்ணை போனதும் உழைப்புக் கடமைக்கு வேலையில்லை. இங்கிலாந்தில் ஒழிப்புச் சட்டம் ஏதும் போடாமலே முறை கரைந்தது. மேனர் நீதிமன்றச் சுருளின் நகலையே உரிமைப் பத்திரமாகக் கொண்ட நில உரிமை மட்டும் 1926 வரை சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே சமயம் ஜெர்மனியில் ஓடும் எல்ப் நதிக்குக் கிழக்கே, ஏற்றுமதித் தானியத்துக்காகப் பண்ணைகள் பெருகி, அடிமைமுறை புதிதாக இறுகியது. பிரஷ்யாவில் 1807 வரை, ரஷ்யாவில் 1861 வரை. 'மத்திய காலத்தோடு முடிந்தது' என்ற வரி பாதி ஐரோப்பாவுக்குப் பொருந்தாது.

இனி ஜமீன்தாரி ஒப்பீடு. சென்னை ராஜதானியில் 1802-ல் வந்த நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி ஜமீன்தாரின் வேலை வரி வசூல். பேஷ்குஷ் என்ற குறித்த வரித்தொகையைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். தவறினால் ஜமீனே ஏலத்துக்குப் போகும். மேனர் பிரபு மன்னருக்கு அப்படி ஆண்டு நிலவரி கட்டவில்லை. அவருடைய வருமானத்தின் அச்சாணி குடிகளின் உழைப்பில் நடந்த சொந்தப் பண்ணை. ஜமீன்தாருக்கு அது அவசியமே இல்லை. உள்ளூர் ஒப்பீடு வேண்டுமென்றால் தஞ்சைப் பண்ணைகள் சற்று நெருங்கி வரும்: மிராசுதாரின் சொந்தச் சாகுபடி, கட்டுண்ட பண்ணையாள், 1952-ன் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அங்கும் இரண்டு பெரிய வேறுபாடு. பண்ணையாளுக்கு வாரிசுக்கு விடத்தக்க 15, 30 ஏக்கர் கிடையாது. அவரைக் கட்டியதில் சாதிக்கு இருந்த இடம் மேனரில் இல்லை. பட்டைகளாகப் பிரித்த நிலத்துக்கு ஒப்பீடு தேடினால் தொலைவு போக வேண்டாம். செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதாரர்கள் பங்கு நிலத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்ட கரையீட்டு வழக்கத்தை வைத்துப் பேசலாம். ஆங்கிலேயக் கிராமங்களில் உழுநிலம் அப்படி மாறவில்லை; புல்வெளியைத்தான் பல ஊர்களில் ஆண்டுதோறும் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள்.

இணைப்பில் படம் ஒன்றுதான் போட இடமிருக்கும் என்றால் நாட்டிங்ஹாம்ஷையரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்தின் 1635-ஆம் ஆண்டு வரைபடத்தைப் போடுங்கள். பட்டை பட்டையாக, யாருடையது எது என்ற விவரத்தோடு இருக்கிறது. அந்த ஊரில் மூன்று வயல் முறை இன்றும் நடக்கிறது, ஆண்டுதோறும் ஜூரி வயலைச் சுற்றிப் பார்த்து எல்லை மீறி உழுதவருக்கு அபராதம் போடுகிறது. அதன் கீழே மேலே சொன்ன புஷல் கணக்கைப் போட்டு, 15 ஏக்கர்க் குடும்பத்துக்கு விளைச்சல் மூன்று மடங்காக இறங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு கேள்வி கொடுங்கள். மூன்று வயல் முறையில் அதில் பத்து ஏக்கரில்தான் பயிர், அதிலும் ஐந்தில்தான் கோதுமை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். மேக்னா கார்ட்டா பற்றிய வரிக்கு மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்; தேர்வு எழுதுபவர்கள் அதை இந்நேரம் குறித்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 5.